பூட்டிய கதவும் கதவே இல்லாத கடையும்

சென்ற மாதம் ஒரு மாலை, வேப்பம்பட்டு ஸ்டேஷன் பெஞ்சில் என் பழைய ரயில் நண்பர் தனியாக உட்கார்ந்திருந்தார். அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஒரே வண்டியில் போய் வந்தவர்கள் நாங்கள். பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார்: "சார், ஆறு லட்சம் போச்சு. வீட்ல இன்னும் சொல்லல."

பங்குச் சந்தை சொல்லித் தருவதாக ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். தினமும் யாராவது "இன்று எனக்கு இவ்வளவு லாபம்" என்று படம் போடுவார்கள். ஒரு செயலியை இறக்கச் சொன்னார்கள். முதலில் போட்ட பத்தாயிரம், லாபத்தோடு உண்மையிலேயே வங்கிக்குத் திரும்பி வந்தது. அந்த நம்பிக்கையில் பி.எஃப். பணத்தைப் போட்டார். செயலியில் தொகை ஏறிக்கொண்டே போனது. எடுக்கப் போனபோது, "முதலில் வரி கட்டுங்கள்" என்றார்கள். அதையும் கட்டினார். பிறகு குழுவும் இல்லை, பேச ஆளும் இல்லை.

இந்தக் கதை சென்னைக்குப் புதிதல்ல. 120 வருடம் பின்னால் போவோம்.

அன்று மதராஸில் ஆர்பத்நாட் கம்பெனி என்றால் அரசாங்கத்துக்கு அடுத்த மரியாதை. வெள்ளைக்காரர் நடத்திய பெரிய வணிக நிறுவனம், வங்கித் தொழிலும் செய்தது. மற்ற இடங்களைவிடக் கூடுதல் வட்டி. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், பென்ஷன்காரர்கள், விதவைகள் என்று பலரும் சேமிப்பை அங்கே போட்டிருந்தார்கள். 1906 அக்டோபர் 22, திங்கட்கிழமை, கம்பெனி முறிந்தது. லண்டன் கூட்டாளி ஊக வணிகத்தில் பணத்தை அழித்திருந்தார். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் தண்டனை கிடைத்தது. 'சர்' பட்டம் அவரையும் காப்பாற்றவில்லை, பணம் போட்டவர்களையும் காப்பாற்றவில்லை.

ஆனால் அந்த வீழ்ச்சியில் ஒரு நன்மையும் பிறந்தது. வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் ஒன்று கூடி, நம்மவர்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று முனைந்தார்கள். 1907-ல் இந்தியன் வங்கி தொடங்கியது. நம்மில் பலருக்குப் பென்ஷன் வருவது அந்த வங்கியில்தான்.

அடுத்த கதை நம் காலத்தது. 1990-களில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனிகள் முளைத்தன. 24 சதவீதம் வட்டி என்ற விளம்பரத்தைப் பார்த்து, பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த 40,000 ரூபாயை நானும் ஒன்றில் போட்டேன். பெயர் வேண்டாம். ஒரு நாள் காலையில் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. வாசலில் நூறு பேர் நின்றார்கள். அன்று கொடுத்த ரசீது இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இப்படிப் பல கம்பெனிகள் விழுந்த பிறகுதான், 1997-ல் தமிழக அரசு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

சட்டம் வந்தும் ஆசை போகவில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தன. 2022-ல் ஆருத்ரா விவகாரம் வெடித்தது. லட்ச ரூபாய் போட்டால் மாதம் முப்பதாயிரம் வரை தருவதாக ஆசை காட்டி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,400 கோடிக்கும் அதிகமாக வசூலித்தார்கள் என்பது போலீஸ் சொன்ன கணக்கு.

இவை எல்லாவற்றிலும் தூண்டில் ஒன்றுதான்: வங்கி தராத வட்டி, நம்பும்படியான ஒரு முகம், முதலில் ஒழுங்காக வரும் சிறு தொகை. மாறியது ஒன்றே ஒன்று. அன்று போய் நிற்க ஒரு கதவு இருந்தது. பூட்டியிருந்தாலும், அந்த வாசலில் நம்மைப்போல ஏமாந்த நூறு பேரைப் பார்த்தோம். சேர்ந்து அழுதோம், சேர்ந்து போலீசுக்குப் போனோம். இன்று கடைக்குக் கதவே இல்லை. ஏமாந்தவர் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கிறார். வெட்கத்தில் யாரிடமும் சொல்வதில்லை. மோசக்காரனுக்கு அந்த வெட்கம்தான் பெரிய துணை. நாம் வாய் திறக்காத ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டிருக்கும்.

அதனால் என் வயதுக்காரர்களுக்குச் சில வார்த்தைகள். பங்கு வாங்கித் தருகிறேன் என்பவருக்கு செபியின் பதிவு எண் உண்டா என்று செபியின் இணையதளத்தில் பாருங்கள். பேரனையாவது பார்க்கச் சொல்லுங்கள். கம்பெனி பெயர் ஒன்று, பணம் போட வேண்டிய கணக்கின் பெயர் யாரோ தனி ஆள் என்றால், அங்கேயே நிறுத்துங்கள். நம் பணத்தை எடுக்க நம்மிடமே பணம் கேட்டால், அது மோசடிதான், சந்தேகமே வேண்டாம். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே 1930 என்ற எண்ணுக்கு ஃபோன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.

அன்று மாலை பெஞ்சிலேயே என் நண்பர் 1930-க்குப் பேசினார். ஏமாந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. ஒரு கணக்கில் கொஞ்சம் பணம் முடக்கப்பட்டிருப்பதாகப் பின்னால் தகவல் வந்தது. மீதி போனதுதான். பேசி முடித்ததும் எழுந்து, "வாங்க சார், வீடு வரைக்கும் வாங்க. நீங்க கூட இருந்தா சொல்லிடுவேன்" என்றார்.

போனேன். அவர் மனைவி முழுவதும் கேட்டுவிட்டு, "இதுக்கா பத்து நாளா சாப்பிடாம இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் காபி போடப் போனார்.