ஒரு வெற்றி, இரண்டு விற்பனை

"லிமிட்டட் எடிஷன்" என்றதும் நாங்கள் நினைப்பது, இது செய்யக் கஷ்டமான சாமான், அதனால்தான் குறைவாக இருக்கு என்று. மோட்டார் சைக்கிள் வரலாற்றைக் கொஞ்சம் கிளறினால் கதை எப்போதும் அப்படி இல்லை. பல நேரம் எத்தனை வண்டி என்ற முடிவுதான் முதலில் வருகுது. இத்தாலியின் டுக்காட்டி கம்பனி ஒரே ஒரு பந்தய வெற்றியை இரண்டு தரம் விற்ற கதை இதற்கு நல்ல உதாரணம்.

மைக் ஹெயில்வுட், ஒன்பது தரம் உலகச் சாம்பியனான பிரித்தானிய ஓட்டுநர். 1967 ஓடு மோட்டார் சைக்கிள் உலகப் போட்டிகளை விட்டு கார்ப் பந்தயத்துக்குப் போனார். 1974இல் ஜேர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடந்த விபத்தில் கால் மோசமாக அடிபட்டு அதுவும் முடிஞ்சுது. ஆனால் 1978 ஜூனில், 38 வயதில், ஐல் ஒஃப் மான் தீவின் ரி.ரி. பந்தயத்துக்குத் திரும்பி வந்தார். சாதாரண தெருக்களிலேயே நடக்கிற பந்தயம் அது. ஒரு சுற்று சுமார் 60 கிலோமீற்றர், கல் மதிலும் வீட்டு வாசலும் கைக்கெட்டும் தூரத்தில். பதினொரு வருசமாக அந்தப் பாதையில் போட்டி போடாத மனுசன், டுக்காட்டி ஒன்றில் ஏறி, ஹொண்டாவில் வந்த ஃபில் ரீட்டைத் தோற்கடித்து ஃபோர்முலா வண் பிரிவை வென்றார்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேணும். அவரைக் களத்தில் இறக்கியது டுக்காட்டியின் சொந்த அணி இல்லை. வண்டி பொலோஞ்ஞாவின் என்.சி.ஆர். பட்டறையில் உருவானது. அதை வாங்கி ஹெயில்வுட்டை ஓட வைத்தது மான்செஸ்டரில் ஸ்டீவ் வின் நடத்திய ஸ்போர்ட்ஸ் மோட்டார்சைக்கிள்ஸ் என்ற கடை. தொழிற்சாலை உதவி செய்தது உண்மை. ஆனாலும் துணிஞ்சு இறங்கியது ஒரு சின்னக் கடைதான்.

அந்த வெற்றியைக் காசாக்கியது தொழிற்சாலை. 1979இல் 'மைக் ஹெயில்வுட் ரெப்ளிக்கா' வெளிவந்தது. பெயர் பந்தய வண்டியின் பிரதி என்று சொன்னாலும், உள்ளே இருந்தது ஏற்கனவே விற்பனையில் இருந்த 900 எஸ்.எஸ். வண்டிதான். மேலே பந்தய வண்டி மாதிரியான கவசமும் சிவப்பு, பச்சை, வெள்ளைப் பூச்சும். முதலில் சில நூறு வண்டிகள் என்ற கணக்கில்தான் தொடங்கினார்கள். சனம் கேட்டுக்கொண்டே இருந்தது, அவர்களும் செய்துகொண்டே இருந்தார்கள். 1981இல் ஹெயில்வுட் ஒரு வீதி விபத்தில் இறந்த பிறகும் அவர் பெயரில் வண்டி வந்தது. 1986 அளவில் உற்பத்தி நிற்கும்போது எண்ணிக்கை சுமார் 7,000. அந்த வருசங்களில் பெரும்பகுதியும் டுக்காட்டி இத்தாலிய அரச நிறுவனங்களின் கையில், எதிர்காலம் என்னவென்று தெரியாமல் இருந்தது. அந்த இருண்ட வருசங்களில் நன்றாக விற்ற வண்டி இதுதான். 'கொஞ்சம்தான்' என்று தொடங்கியது அங்கேயே நின்றிருந்தால், கம்பனிக்கு அந்த வருமானம் இல்லை.

இரண்டாவது விற்பனை வேற காலத்தில் நடந்தது. 1985இல் காஜீவா நிறுவனம் டுக்காட்டியை வாங்கியது. பிறகு காசு நெருக்கடி வர, 1996இல் ரி.பி.ஜி. என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது. புது முகாமையாளர்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது: தொழிற்சாலையில் கிடக்கிற மிகப் பெறுமதியான மூலதனம் இயந்திரம் இல்லை, கடந்த காலம். 1998இல் தொழிற்சாலைக்குள்ளேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே வருசம் பியர் டெர்பிளான்ஷ் வடிவமைத்த எம்.எச்.900.ஈ. மாதிரி வண்டியைக் காட்டினார்கள். எம்.எச். என்றால் மைக் ஹெயில்வுட்.

2000 ஜனவரி 1 அன்று அதை இணையத்தில் மட்டும் விற்கத் தொடங்கினார்கள். விலை 15,000 யூரோ, மொத்தம் 2,000 வண்டிகள். முதல் தொகுதி 31 நிமிசத்தில் முடிஞ்சுது. ஹெயில்வுட் அந்தத் தீவில் ஒன்றரைச் சுற்று ஓடுகிற நேரம்! ஓடர் கொடுத்தவர்களின் வண்டிகள் அப்போது செய்யப்படவே இல்லை. இந்தத் தரமும் உள்ளே இருந்த எஞ்சின் அந்தக் காலத்து 900 எஸ்.எஸ்.இன் எஞ்சின்தான். பெற்றோல் தாங்கி வெறும் 8.5 லீற்றர். தூரப் பயணத்துக்கு உதவாது. பார்க்க மட்டும் அழகோ அழகு.

வியாபாரமாகப் பார்த்தால் கெட்டித்தனம்தான். செய்வதற்கு முன்னமே வாங்குபவன் இருக்கிறான், மிஞ்சிக் கிடக்கிற வண்டி என்று ஒன்றில்லை. கிடைக்காதவனும் அந்தப் பெயரில் மயங்கி அதே கம்பனியின் சாதாரண வண்டி ஒன்றை வாங்குவான். வாங்கினவர்களை ஏமாந்தவர்கள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 38 வயதில் திரும்பி வந்து வென்ற ஒரு மனுசனின் கதையில் தனக்கும் ஒரு துண்டு வேணும் என்று ஆசைப்படுவது விளங்கக்கூடிய ஆசை. அந்தக் கதை பொய்யும் இல்லை.

ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு நெருடுவது வேற இடத்தில். 1979இல் வெற்றியின் நினைவு 7,000 பேரின் கைக்குப் போய், தெருவில் ஓடித் தேய்ந்தது. 2000இல் அதே நினைவுக்கு 2,000 என்று வேலி போட்டார்கள். வேலி போட்டது இரும்புத் தட்டுப்பாடு இல்லை, ஒரு கூட்ட மேசை. நடந்த வெற்றிக்கு உரிமை கேட்கக்கூடியவர்கள் பலர்: ஓட்டினவர், பட்டறைக்காரர், மான்செஸ்டர் கடைக்காரர், மதில் ஓரம் நின்று பார்த்த சனம். வண்டியின் பக்கத்தில் எழுதியிருக்கிற பெயரோ ஒன்றே ஒன்று. கடந்த காலத்தை ஆர் வேணுமானாலும் நினைவு வைத்திருக்கலாம்; விலைச்சீட்டு ஒட்டும் உரிமை பெயரை வைத்திருப்பவனுக்கு மட்டும்தான்.