முக்கவர் வழியும் நத்தம் கணவாயும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் படை நடந்த மலைப்பாதை எது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. விராலிமலை, நார்த்தாமலை, குடுமியான்மலை எல்லாம் பெயரளவில் மலை, பார்த்தால் பாறைக்குன்றுகள். யானையும் வண்டியுமாக வரும் சேனை அவற்றில் ஏறத் தேவையில்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். ஆனால் உறையூரிலிருந்தோ திருச்சிக் கோட்டையிலிருந்தோ மதுரைக்குக் கிளம்பிய எந்தப் படைக்கும் ஒரு சிக்கல் உண்டு. எதிரே மேற்கில் சிறுமலை, கிழக்கில் அழகர்மலை. இரண்டுக்கும் நடுவே நுழைவதா, கிழக்கே ஒதுங்கி மேலூர்ப் பக்கமாக இறங்குவதா? அதை முடிவு செய்யும் இடம் கொடும்பாளூர். இரண்டு மலைக்கும் நடுவே நுழைந்தவர்கள் மாட்டிக்கொண்ட இடம் நத்தம் கணவாய்.

கொடும்பாளூரின் பழைய பெயரான கொடும்பை சிலப்பதிகாரத்தில் வருகிறது. மதுரைக்கு நடந்து போகும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் வழி சொல்கிறான். கொடும்பையின் நெடுங்குளத்தைத் தாண்டினால் பாதை சிவனின் சூலம் போல மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்பக்க வழி வறண்ட காட்டைக் கடந்து சிறுமலைப் பக்கம் போகிறது. இடப்பக்க வழியில் திருமால் குன்றமும் பொய்கைகளும் பிலமும் உண்டு. நடுவழி நல்லது, ஆனால் அங்கே ஆளை மயக்கும் காட்டுத் தெய்வம் ஒன்று இருக்கிறது. பக்தியைத் தள்ளி வைத்துப் படித்தால் இது ஒரு தேர்ந்த ஒற்றனின் அறிக்கை. தண்ணீர் எங்கே, விளைச்சல் எங்கே, பயம் எங்கே என்று மூன்றையும் சொல்லிவிடுகிறது. நல்லது என்று தேர்ந்த நடுவழியில் போனவர்களும் கடைசியில் வழிப்பறியில் வாழும் எயினர் ஊருக்குத்தான் போய்ச் சேர்கிறார்கள்!

வழி பிரியும் ஊரைப் பிடித்தவனுக்கு மூன்று வழியும் கைக்குள். அதனால்தான் கொடும்பாளூருக்கு ஆசைப்படாத அரசு இல்லை. பாண்டியர் பல்லவரை வென்ற களங்களுள் ஒன்றாக வேள்விக்குடிச் செப்பேடு இதைக் குறிக்கிறது. பிறகு இங்கே நிலைத்த இருக்குவேளிர் சோழர் பக்கம் சாய்ந்தார்கள். சாய்வு வெறும் வாய்ப்பேச்சு இல்லை. சோழ இளவரசி அனுபமா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தாள். அவள் மகன் பூதி விக்கிரமகேசரி, வீரபாண்டியனை வென்றதாகக் கல்லில் எழுதிவைத்தான். தன் பெயரிலும் கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலும் மூன்று விமானங்கள் எடுத்தான். அதுதான் மூவர் கோயில். இன்று இரண்டு விமானங்கள் நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். காளாமுகத் துறவி மல்லிகார்ச்சுனருக்கு மடம் கொடுத்து, 50 தவசிகளுக்குச் சோறிடவும் ஏற்பாடு செய்தான். எல்லையில் இருக்கும் சிற்றரசன் இப்படிக் கல்லிலும் சோற்றிலும் செலவழிக்க முடிகிறதென்றால், அந்தச் சாலை அவனுக்கு ஏதோ கொடுத்திருக்க வேண்டும்.

நத்தத்தில் அப்படி ஒரு கோயிலும் இல்லை, கல்வெட்டில் தன் குலத்தைப் பாடிவைத்த வேளும் இல்லை. அங்கே காடு இருந்தது; காட்டுக்குள் கள்ளர் நாடுகள் இருந்தன. 1755 மே மாதக் கடைசியில் கர்னல் ஹெரானின் கும்பெனிப் படை மதுரையிலிருந்து திருச்சிக்கு இந்தக் கணவாய் வழியே திரும்பியது. முன்னதாக மதுரைக்கு அருகே கோயில்குடியில் கோயிலைச் சூறையாடி, சிறுசிறு பித்தளைச் சாமி சிலைகளை அள்ளி, பணம் கொடுத்து மீட்க ஆள் வரும் என்று கூடவே சுமந்து வந்திருந்தார்கள். நடந்ததை ராபர்ட் ஓர்ம் தன் போர் வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். குறுகிய பாதையில் கனத்த வெடிமருந்து வண்டி ஒன்று சேற்றில் புதைந்தது. மாடுகள் இழுத்துப் பார்த்தன, அசையவில்லை. முன்னால் போன படை அது தெரியாமல் போய்க்கொண்டே இருந்தது. பின்படை தனித்து நின்ற அந்த நேரத்தில் இரண்டு பக்கக் காட்டிலிருந்தும் அம்பும் ஈட்டியும் துப்பாக்கிக் குண்டும் வந்தன. சிலைகள் இருந்த வண்டி அகப்பட்டதும் கள்ளர்கள் “சாமி, சாமி” என்று கூவினார்களாம். ஹெரான் பிறகு சென்னையில் இராணுவ விசாரணைக்கு ஆளாகி வேலையை இழந்தார்.

மேலூர் வழியாகப் போயிருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்வதற்கில்லை; அதுவும் கள்ளர் நாடுதான். ஆனால் வெட்டவெளியில் ஒரு வண்டி புதைந்தால் மற்ற வண்டிகள் விலகிப் போகலாம். மலை இரண்டு பக்கமும் நெருக்கும்போது ஒரு வண்டி நின்றால் படையே நிற்கிறது.

ஹெரானுடன் வந்திருந்த கும்பெனிச் சிப்பாய்த் தளபதி யூசுப் கான் இந்தப் பாடத்தை மறக்கவில்லை. 1759இல் அதே நத்தத்துக்கு வந்தபோது காட்டை வெட்டி உள்ளே தடம் போட்டார், பிடிபட்டவர்களைக் கொன்றார். பேசிப் பணியவைக்க அந்தக் கள்ளர் நாடுகளுக்கு ஒரே ராஜா இல்லாததால் கும்பெனி மரங்களோடும் ஆட்களோடும் ஒருசேரப் போரிட வேண்டியிருந்தது.

புதுக்கோட்டைப் பக்கமும் காட்டை நம்பியதுண்டு. 1754இல் திருச்சியிலிருந்த ஆங்கிலேயருக்குத் தானியம் அனுப்பிய குற்றத்துக்காக, புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமானின் சீமையை அழிக்கப் பிரெஞ்சுப் படை வந்தபோது, குடிகள் மாடுகன்றுகளோடு காட்டுக்குள் போய்விட்டார்கள். காலி ஊர்களைத்தான் அந்தப் படை பார்த்தது. ஆனால் இங்கே ஒளிந்த குடிகளுக்குப் பின்னால், யாருக்கு நெல் அனுப்பலாம், யாருக்கு மறுக்கலாம் என்று கணக்குப் பார்க்கும் ஒரு தொண்டைமானும் இருந்தார். சோழனோடு சம்பந்தம் செய்துகொண்ட இருக்குவேளிர் போட்டதும் இதே கணக்குதான். வழியில் உட்கார்ந்திருப்பவன் தன் வழியை விலைபேசத் தெரிந்தவனாக இருந்தால் பிழைத்துக்கொள்கிறான். இதில் பெருமைப்பட எல்லாமே இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். கும்பெனியை எதிர்த்த கட்டபொம்மன் 1799இல் இந்தச் சீமையில்தான் பிடிபட்டார்.

பாளையக்காரர் போர் முடிந்ததும் 1801 டிசம்பரில் தென்சீமையில் ஆயுதங்களை ஒப்படைக்கும்படி கும்பெனி அறிக்கை விட்டது, கோட்டைகளை இடித்தது. தொண்டைமானுக்கோ 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சேர்ந்த நிலமும் பரிசாக வந்தன. அந்தச் சமஸ்தானம் 1948 மார்ச் வரை தனியாகவே இருந்தது.