புரோமிலியாட் வளர்ப்பு

புரோமிலியாட் வளர்ப்பு என்பது அன்னாசிக் குடும்பத்து அழகுச் செடிகளை வீட்டில் தொகுத்துப் பேணும் தோட்டக்கலை. இக்குடும்பத்தின் 3,000க்கும் மேற்பட்ட இனங்களில் ஒன்று மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குரியது. ஏனையவை அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஸ்வீடன் தாவரவியலாளர் ஓலோஃப் புரோமிலியஸ் நினைவாகப் புரோமிலியாட் என்ற பெயர் அமைந்தது. இவற்றை வளர்ப்போரின் சங்கம் 1950இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது.

ஏக்மியா, நியோரெகேலியா, குஸ்மேனியா, விரீசியா ஆகிய பேரினங்களில் இலையடிகள் ஒன்றையொன்று தழுவி நடுவே கிண்ணம்போல் குழிகின்றன. அதில் தேங்கும் நீரை இலைகளின் நுண்செதில்கள் உறிஞ்சும். மரத்தின்மீது வளரும் இவற்றுக்கு வேரின் வேலை பெரும்பாலும் மரத்தைப் பற்றிக்கொள்வதே. ஆகவே தோட்ட மண் ஏற்றதன்று. மரப்பட்டை, தேங்காய் மட்டைத் துண்டு, கரி கலந்த, நீர் விரைந்து வடியும் கலவை வேண்டும். குழிக்கு மழைநீரே சிறந்தது. உப்புநீர் இலையில் வெண்படலம் விடும். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி இச்செடிகளுக்கு நஞ்சு. டில்லாண்ட்சியா பேரினத்தின் பெரும்பாலான இனங்களுக்கு மண்ணே தேவையில்லை: கட்டையில் கட்டி, நீர் தெளித்து, காற்றில் உலரவிட்டால் போதும்.

மெல்லிய பச்சை இலை வகைகள் நிழலையும், தடித்த சாம்பல் இலை வகைகள் மிகுந்த வெளிச்சத்தையும் விரும்பும். உறைபனி நாடுகளில் கண்ணாடிக்குடில் அவசியம்.

பெரும்பாலானவை ஒருமுறையே பூக்கும். பின் தாய்ச்செடி மெல்ல மடிய, பக்கக்கன்றுகள் எழும். தாயின் மூன்றிலொரு பங்கு வளர்ந்த கன்றைப் பிரித்து நடலாம். பூக்க மறுக்கும் முதிர்ந்த செடியின் குழிநீரைக் கொட்டிவிட்டு, அதைப் பழுத்த ஆப்பிளுடன் பாலித்தீன் பையில் சில நாள் மூடிவைப்பர். பழம் வெளியிடும் எத்திலீன் வாயு பூக்கத் தூண்டும்.

குழிநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும் என்பதால், வாரம் ஒருமுறையாவது அதை வெளியேற்றிப் புதுநீர் நிரப்ப வேண்டும்.