சவுக்கு மரமும் சீரியல் செட்டும்

டிசம்பர் பிறந்தா போதும். தாம்பரத்துல இருந்து வேளச்சேரி போற ரோட்டுல சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம்னு அங்கங்க வீட்டு வாசல்ல ஸ்டார் தொங்க ஆரம்பிச்சிடும். சர்ச்சுல குடில், பக்கத்துல சீரியல் செட் சுத்தின ஒரு சவுக்குக் கிளை. "ஒரிஜினல்னா பைன் மரம்தான், இங்க சும்மா சவுக்கை வச்சு ஒப்பேத்துறாங்க"ன்னு சொல்றவங்க உண்டு. அந்த 'ஒரிஜினல்' கதையைக் கொஞ்சம் நோண்டிப் பார்ப்போமா?

மரம் வைக்கிறது ஜெர்மன்காரங்க வழக்கம். 16ஆம் நூற்றாண்டுலேயே அங்க இருந்திருக்கு. இங்கிலாந்துல அது பரவலானது ரொம்பப் பின்னாடி. 1848-ல விக்டோரியா மகாராணி குடும்பத்தோட மரத்தைச் சுத்தி நிக்கிற படம் ஒரு லண்டன் பத்திரிகையில வந்துச்சு. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு வீடு ஃபேஷன் ஆச்சு. ஆக, வெள்ளைக்காரனுக்கே அது இறக்குமதிச் சரக்குதான் :-)

அப்போ விளக்குன்னா மெழுகுவர்த்தி. காய்ஞ்ச மரத்துல நெருப்பு, எவ்வளவு ஆபத்துன்னு யோசிச்சுக்கோங்க. 1882 டிசம்பர்ல எடிசனோட கூட்டாளி எட்வர்ட் ஜான்சன், நியூயார்க்ல தன் வீட்டு மரத்துல சிவப்பு, வெள்ளை, நீலம்னு 80 மின்சார பல்பு மாட்டினார். மரம் சுத்தவும் செஞ்சுது! அதே நகரத்துல 1912-ல மேடிசன் சதுக்கப் பூங்காவுல ஊருக்கே பொதுவா ஒரு மரம் வச்சாங்க. லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்துக்கு 1947 முதல் வருஷாவருஷம் நார்வேயில இருந்து மரம் வருது, இரண்டாம் உலகப்போர்ல செஞ்ச உதவிக்கு நன்றியா.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மெட்ராஸ்ல மின்சார டிராம் ஓடினது 1895-ல. கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-ல. தெருவெல்லாம் கலர் விளக்குங்கிறது கரண்ட் வந்த பிறகு நடந்த கதைதான். சீரியல் செட் கணக்கு ரொம்ப சிம்பிள்: 6 வோல்ட் பல்பு 40-ஐ ஒரே வரிசையில கோர்த்தா வீட்டு கரண்ட்டைத் தாங்கிடும். ஒண்ணு ஃப்யூஸ் போனா மொத்த வரிசையும் அவுட்! இப்போ எல்.இ.டி. வந்து அந்தத் தலைவலி குறைஞ்சிடுச்சு.

இனி நம்ம ஹீரோ. சவுக்கும் இந்தக் கடற்கரைக்கு வந்தேறிதான். தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியாப் பக்கத்து மரம். 1856-ல ராயபுரத்துல இருந்து ரயில் ஓட ஆரம்பிச்சுது. இன்ஜினுக்கு விறகு வேணும். சீக்கிரமா வளர்ற மரம், மணல்லயும் நிக்கும்னு 19ஆம் நூற்றாண்டோட பிற்பாதியில கடலோரம் பூரா சவுக்குத் தோப்பு போட்டாங்க. பார்க்க பைன் மாதிரி இருந்தாலும் அந்த ஜாதியே இல்லை. ஊசி மாதிரி தெரியுறது இலை கிடையாது, கணுக்கணுவான குச்சி. நிஜ இலை ஒவ்வொரு கணுவிலயும் செதில் அளவுக்குத்தான் இருக்கும்.

விறகுக்காக வந்த மரம், பச்சையா இருந்தா கிறிஸ்துமஸ் மரம் ஆச்சு. வெட்டிக் காய வச்சா பந்தல்கால், கட்டடத்துக்குச் சாரம். ஆடி மாசம் அம்மன் கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட் கட்டுற கம்பத்தைப் பாருங்க, அதுவும் சவுக்குதான். ஒரே மரம், ஒரே விளக்கு, பல சமயத்துல அதைக் கட்டுற ஆளும் ஒருத்தரேதான். ஆடியில அம்மனுக்கு, டிசம்பர்ல குடிலுக்கு.

மால்ல வைக்கிற பிளாஸ்டிக் பைன் மரத்துக்கு இந்த ஊரோட ஒரு சம்பந்தமும் இல்லை. சவுக்குக்கு 150 வருஷத்து உறவு இருக்கு. எது ஒரிஜினல்னு இப்ப நீங்களே சொல்லுங்க. உங்க ஊர்ப் பக்கம் எந்த மரம் வைக்கிறாங்க?