பெட்ரோமாக்ஸுக்குள் ஒரு மணல்துளி

‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில், பெட்ரோமாக்ஸ் விளக்கில் இது எப்படி எரியும் என்று கேட்டுக்கொண்டே செந்தில் அதன் மேண்டிலைக் கையால் நசுக்கிப் பொடியாக்குவாரே, நினைவிருக்கிறதா? கவுண்டமணி கொதித்தது காசு போன கவலையில். ஆனால் மேண்டில் பொடிக்கு நீண்ட பூர்வீகம் உண்டு. அதன் ஒரு வேர் நம் குமரிக் கரையில் இருக்கிறது.

மணவாளக்குறிச்சியில் கடல் மணலை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். கறுப்பாக மின்னுவது இல்மனைட். சிவப்பு, கார்னெட். இடையிடையே தேன் நிறத்தில், கடுகில் கால்வாசிகூட இல்லாத துகள்கள் தெரிந்தால் அவை மோனசைட். மலைப் பாறைக்குள் ஏறக்குறைய 50 கோடி ஆண்டுக்கு முன் பிறந்தவை. பாறை உதிர, மழைநீர் உருட்ட, வள்ளியாறு கடலில் சேர்த்தது. சாதாரண மணலைப்போல் சுமார் இரண்டு மடங்கு கனம் என்பதால், லேசான மணலை அலை இழுத்துப் போனாலும் இவை கரையிலேயே தங்கிவிடும்.

அங்கேயே கிடந்திருக்கும், ஐரோப்பாவில் கேஸ் விளக்கு வராதிருந்தால். 1891-இல் ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் கொண்ட மேண்டிலைக் கண்டுபிடித்தார். அந்த உலோகங்களின் உப்புக் கரைசலில் நனைத்த நூல்பை முதல் தீயில் எரிந்து, சாம்பல் கூடாக நிற்கும். அந்தக் கூடுதான் வெள்ளை வெளேரென்று ஒளிரும். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதை 1909-இல் கண்டுகொண்டவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர். மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலையும் போட்டார். நாம் கயிற்றுக்கு விலை பேசினோம். அவர் அதில் ஒட்டிய அழுக்கைப் பார்த்தார். 1914-இல் போர் மூண்டதும் தொழில் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இப்போது அது அரசின் ஐ.ஆர்.இ. (இந்தியன் ரேர் எர்த்ஸ்) நிறுவனத்தின் கையில்.

மேண்டிலின் வெள்ளை வெளிச்சத்தில் மக்கள் ஏழு ஆண்டு பேப்பர் படித்த பிறகுதான், 1898-இல், தோரியம் கதிர்வீசுகிறது என்று ஜெர்மனியில் ஷ்மிட்டும் பாரிஸில் மேரி கியூரியும் தனித்தனியே கண்டார்கள். கியூரி கதிரை நேரில் பார்க்கவில்லை. கதிர் பட்ட காற்று மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று அளந்தார். இன்றைய கைகர் கருவிக்கும் அதே சூட்சுமம்தான். மூடிய குழாய், உள்ளே ஆர்கான் போன்ற வாயு, நடுவில் சில நூறு வோல்ட் ஏற்றிய கம்பி. ஒரு கதிர் நுழைந்து ஒரே ஒரு எலெக்ட்ரானைப் பிய்த்துவிட்டால் போதும். அது கம்பியை நோக்கிப் பாய்கிற வழியில் மற்றவற்றையும் மோதிப் பிய்க்க, நொடிக்குள் ஒரு வெள்ளம். நம் காதுக்கு ஒரு ‘டிக்’.

மேசையில் சும்மா வைத்தாலே அந்தக் கருவி அவ்வப்போது டிக்கென்னும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருகிற கதிர்கள் அவை. பக்கத்தில் பழைய தோரிய மேண்டிலைக் கொண்டுபோனால் வாணலியில் கடுகு பொரிவதுபோலச் சடசடக்கும். கால் கிராம் தோரியத்தில் நொடிக்குச் சுமார் ஆயிரம் அணுக்கள் சிதைகின்றன, அவை பெற்ற பிள்ளைகளின் கணக்கு தனி. நடுவே ஒரு காகிதத்தை நீட்டினால் ஆல்ஃபா வகைக் கதிர் நின்றுவிடும். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகடு பீட்டாவைப் பிடித்துக்கொள்ளும். பிறகும் ஓயாமல் கேட்கிற மிச்ச டிக்குகள் காமா. அதை அடக்கக் கனத்த ஈயம் வேண்டும்.

சிதைந்த தோரியம் ரேடியமாகும். அதுவும் நிலைக்காமல் ஒன்பது படி இறங்கி ஈயத்தில் போய் நிற்கும். ஆனால் அவசரமே இல்லை. தோரியத்தின் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. மணவாளக்குறிச்சித் துகளில் பாறைக்காலத்துத் தோரியம் அநேகமாக முழுசாக அப்படியே இருக்கிறது.

இன்று பல மேண்டில்களில் தோரியத்துக்குப் பதில் இட்ரியம். பரணில் தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் இருந்தால் பயப்பட வேண்டாம்; வெளியே இருக்கும் ஆல்ஃபாவைத் தோலே தடுத்துவிடும். மூச்சோடு உள்ளே போனால்தான் வம்பு. அதனால் அந்தச் சாம்பலை மட்டும் செந்திலைப்போல் நசுக்கிப் பார்க்காதீர்கள், ஊதியும் தட்டாதீர்கள். ஈரத்துணியால் ஒற்றியெடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.