மாயாற்றின் அக்கரையில் தெங்குமரஹாடா

நீலகிரி மாவட்டம் என்றதும் குளிரும் தேயிலையுமே நினைவுக்கு வருமாயினும், அம்மாவட்டத்தின் கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த தெங்குமரஹாடா, மலைக்குக் கீழே, மாயாற்றுப் பள்ளத்தாக்கின் முட்காடுகளுக்கு நடுவே வாழையும் மிளகாயும் மஞ்சளும் விளையும் வெயில் பூமியாகும். ஆட்சி நிர்வாகம் மலைமேல் இருக்க, சந்தையும் போக்குவரத்தும் பெரிதும் ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரையும் சத்தியமங்கலத்தையும் சார்ந்திருப்பதே இவ்வூரின் தனித்தன்மை.

உணவுப் பஞ்சம் வாட்டிய காலத்தில், 1948இல், ஏறத்தாழ 500 ஏக்கர் வனநிலம் கூட்டுறவு விவசாயச் சங்கம் ஒன்றுக்குக் குத்தகைக்கு விடப்பட, காடு திருத்தப்பட்டு இவ்வூர் உருவாயிற்று. அதற்கும் நெடுங்காலம் முன்பிருந்தே காட்டை அறிந்து வாழும் பழங்குடியினரான இருளர்களின் குடியிருப்புகள் கல்லாம்பாளையம் முதலிய சுற்றுவட்டாரச் சிற்றூர்களில் உள்ளன.

பவானிசாகரிலிருந்து காட்டுவழியே வரும் பேருந்து மாயாற்றின் வடகரையில் நின்றுவிட, அங்கிருந்து ஊருக்குப் பரிசலே துணை. மூங்கில் பிளாச்சுகளை வட்டக் கூடையாக முடைந்து, நீர் புகாதபடி அடியில் போர்வையிட்டுச் செய்யப்படும் இப்பரிசலுக்கு முன்பின் என்பதில்லை. துடுப்பை ஒரு பக்கமே போட்டால் அது சுழலும் என்பதால், ஓட்டுபவர் நீரோட்டத்தின் வேகத்தைக் கணித்துச் சற்று மேலேயே தள்ளி எதிர்க்கரைத் துறையில் சேர்ப்பார். மேலே மின்நிலையத்திலிருந்து திறக்கப்படும் நீரும் இவ்வாற்றில் வருவதால், ஊரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும் ஆறு பெருகக்கூடும். பிள்ளைப்பேற்றுக்கும் அவசரச் சிகிச்சைக்கும் இந்த ஆற்றைக் கடந்தாக வேண்டிய குடும்பங்களுக்கு ஒரு பாலம் இல்லாதிருப்பது பெருங்குறையே.

எனினும் இப்பள்ளத்தாக்கு புலியும் யானையும் வெளிமானும் நடமாடும் வழித்தடம். ஆற்றோர நீர்மத்தி மரங்களில், அருகிவரும் வெண்முதுகுப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், கூடு கட்டுகின்றன. அதனாலேயே குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் வழங்கி ஊரை இடம்பெயர்க்கும் திட்டம் எழுந்தது. குத்தகை நிலத்தில் குடியேறிய உழவர்க்கும் காட்டையே தாயகமாகக் கொண்ட இருளர்க்கும் இத்தொகை ஒரே பொருள் தருவதன்று. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், வனவிலங்குக் காப்பகங்களில் வன உரிமை பெற்றோரை இடம்பெயர்க்குமுன் கிராம சபையின் இசைவைக் கோருகிறது. அந்தச் சபையில் பரிசல்காரரும் தேனெடுப்பவரும் பேசும் சொல், கணக்கேட்டின் தொகைக்கு முன்னதாகக் கேட்கப்பட வேண்டும்.