சூரியகாந்தியை எடை போட்டவர்

கோடை முடியும் தறுவாயில், ஒரு நண்பகல் வேளையில் உங்கள் வீட்டுத் தோட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? காலையில் நிமிர்ந்து நின்ற கத்தரியும் பூசணியும் இலைகளைத் தொங்கவிட்டுத் துவண்டு நிற்கும். "ஐயோ, செடி வாடுகிறதே!" என்று ஒரு குடம் நீரைக் கொண்டுபோய் ஊற்றுகிறோம். மறுநாள் நண்பகலில் மீண்டும் அதே வாட்டம். மீண்டும் ஒரு குடம். கிணறு அடி கண்டுவிட்ட நாட்களில் ஒவ்வொரு குடத்துக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது அல்லவா?

செடிக்கு உண்மையில் எவ்வளவு நீர் தேவை? ஊற்றிய நீர் எங்கே போகிறது? இக்கேள்விகளுக்கு ஊகத்தால் விடை சொல்லாமல், தராசைக் கொண்டு விடை கண்டார் ஒருவர். அவருடைய கதையைக் காண்போம்.

நீரே மரமாகிறதா?

செடி நீரை உண்கிறது என்பது அனைவரும் அறிந்ததே. ஆனால் உண்ட நீர் என்ன ஆகிறது? பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மான்ட், 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை அதில் நட்டார். ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வந்தார். முடிவில் மரம் ஏறக்குறைய 169 பவுண்டு இருந்தது. மண்ணோ சுமார் 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. ஆகவே நீரே மரமாக மாறியது என்று அவர் முடிவு கட்டினார். அவர் இறந்தபின், 1648இல் இச்செய்தி அச்சில் வந்தது.

அவர் மண்ணை எடை போட்டார். மரத்தை எடை போட்டார். இலைகளின் வழியே வெளியேறிய நீரை மட்டும் கணக்கில் எடுக்கவில்லை! இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் உட்வார்டு கண்ணாடிக் குப்பிகளில் புதினாச் செடிகளை வளர்த்துப் பார்த்தார். செடி இழுத்த நீரில் மிகச் சிறு பங்கே அதன் எடையில் சேர்ந்தது. எஞ்சியதெல்லாம் காற்றில் கலந்துவிட்டது. 1699இல் அவர் இதை வெளியிட்டார். அப்படியானால், ஒரு செடி ஒரு நாளில் வெளியிடும் நீரின் அளவு என்ன?

பாதிரியாரின் பூந்தொட்டி

இன்றைய லண்டன் மாநகருக்குள் தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ளது டெடிங்டன் என்னும் ஊர். 1709 முதல் அங்கே மாதா கோவில் பாதிரியாராக இருந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் (1677–1761). எதையும் அளந்து பார்த்துவிடுவது அவர் இயல்பு. குதிரையின் இரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, இரத்த அழுத்தத்தை முதன்முதலில் அளந்தவரும் அவரே!

1724ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் அவர் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். இதற்கெனவே சிறு கன்றாக இருக்கும்போதே தொட்டியில் நடப்பட்ட செடி அது. தொட்டியின் வாயை மெல்லிய ஈயத்தகட்டால் மூடி, இடுக்குகளை எல்லாம் பூசி அடைத்தார். காற்று செல்ல ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாய். நீர் ஊற்ற மற்றொரு குழாய், அதற்கு ஒரு தக்கை. தொட்டியின் அடித்துளைகளையும் தக்கையால் அடைத்தார். மண்ணிலிருந்து நீர் நேரே ஆவியாகிப் போக இனி வழியில்லை. தொட்டியின் எடை குறைந்தால், அது செடி வெளியிட்ட நீராகவே இருக்க வேண்டும்.

ஆகஸ்டு 8 வரை, பதினைந்து நாட்கள், காலையிலும் மாலையிலும் தொட்டியை எடை போட்டார். பிறகு ஓர் ஐயம் எழுந்தது. மண் தொட்டியின் சுவர் வழியாகவும் நீர் கசியுமே! உடனே செடியைத் தகட்டை ஒட்டி வெட்டி, வெட்டுவாயை அடைத்து, தொட்டியை மட்டும் எடை போட்டார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் 2 அவுன்சு குறைந்தது. அதையும் கழித்துக்கொண்டார். உண்மையான ஆராய்ச்சியாளரின் அடையாளம் இதுவே.

கிடைத்த கணக்கைப் பாருங்கள். சராசரியாக ஒரு பகலில் செடி வெளியிட்ட நீர் 20 அவுன்சு, அதாவது சுமார் 570 கிராம். மிகவும் வெப்பமான, வறண்ட பகலில் 30 அவுன்சு, சுமார் 850 கிராம்! ஆனால் வெப்பமான, பனியில்லாத இரவில் 3 அவுன்சு மட்டுமே. சிறிது பனி பெய்த இரவில் இழப்பே இல்லை. பனி மிகுதியாகப் பெய்தாலோ, சிறு தூறல் விழுந்தாலோ, தொட்டியின் எடை கூடியே இருந்தது.

அதோடு அவர் நிற்கவில்லை. இலைகள் அனைத்தையும் பறித்து, நூலால் பின்னிய சிறு கட்டங்களை அவற்றின்மேல் வைத்துப் பரப்பை அளந்தார். மொத்தம் 39 சதுர அடி! பருமனுக்குப் பருமன் ஒப்பிட்டால், சூரியகாந்தி மனிதனைப் போல் 17 மடங்கு நீரை உட்கொண்டு வெளிவிடுகிறது என்றும் கணக்கிட்டார். எப்போதும் பசுமையாக நிற்கும் எலுமிச்சையோ மிகக் குறைவாகவே நீரை இழந்தது. இலைகளை நீக்கிய கிளை நீரை இழுக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுவதையும் கண்டார். ஆக, நீரை மேலே இழுப்பதில் இலைக்கே பெரும் பங்கு உண்டு என்பது தெளிவாயிற்று.

1727இல் இவையனைத்தும் 'வெஜிடபிள் ஸ்டாட்டிக்ஸ்' என்ற நூலாக வெளிவந்தன. அதை அச்சிட ராயல் சொசைட்டியின் சார்பில் ஒப்புதல் அளித்துக் கையெழுத்திட்டவர் அதன் தலைவர் ஐசக் நியூட்டன். அடுத்த மாதமே அவர் காலமானார்.

இன்று நாம் அறிவது

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இலைத்துளைகள் வழியே ஆவியாகிறது. இதை நீராவிப்போக்கு என்கிறோம். இது வீண் செலவு அன்று. உணவு தயாரிக்கக் கரியமில வாயு வேண்டும். அது நுழையத் துளைகள் திறக்க வேண்டும். திறந்த துளை வழியே நீர் வெளியேறாமல் இருக்குமா? ஹெல்மான்டின் மரத்தை வளர்த்ததில் பெரும் பங்கு இந்த வாயுவுக்கே உண்டு. இலைகள் காற்றிலிருந்தும் உணவு பெறக்கூடும் என்று ஹேல்ஸே ஊகித்திருந்தார்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருவோம். நண்பகலில் இலைகள் இழக்கும் வேகத்துக்கு வேர்களால் ஈடுகொடுக்க முடியாதபோது, மண்ணில் ஈரம் இருந்தாலும் இலை துவளும். மாலையில் அது தானே நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். மறுநாள் விடியற்காலையிலும் துவண்டே இருந்தால், முதலில் மண்ணில் விரலை நுழைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் உடனே நீர் வார்க்க வேண்டும். ஈரமாகவே இருந்தால் மேலும் ஊற்றாதீர்கள். தேங்கிய நீரில் வேர் மூச்சுவிட முடியாமல் அழுகத் தொடங்கியிருக்கலாம். வாடிய செடிக்கு அன்போடு ஊற்றிய நீரே அதைக் கொன்றுவிடுவதும் உண்டு!

ஹேல்ஸ் ஈயத்தகட்டால் செய்ததை நீங்கள் சருகுகளாலும் தென்னை நாராலும் செய்யலாம். வேரடியில் அவற்றைப் பரப்பினால், மண்ணிலிருந்து நேரே ஆவியாகும் நீர் வெகுவாகக் குறையும். வெயில் ஏறுமுன் காலையிலோ, தாழ்ந்தபின் மாலையிலோ வேரடியில் நீர் வாருங்கள். அகன்ற இலைகள் கொண்ட பூசணிக்குக் கூடுதலாகவும், சோற்றுக் கற்றாழைக்கு மிகக் குறைவாகவும் பங்கிடுங்கள்.

இந்த ஆராய்ச்சியை மாணவர்களும் செய்து பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் தொட்டிச் செடிக்கு நீர் ஊற்றி, அடித்துளைகளை அடைத்து, மண் பரப்பைத் தண்டைச் சுற்றிப் பாலிதீன் தாளால் மூடிக் கட்டுங்கள். மூன்று நாட்கள் காலையிலும் மாலையிலும் எடை போட்டுக் குறியுங்கள். குறையும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லிலிட்டர் நீர். முடிந்ததும் தாளையும் அடைப்பையும் மறவாமல் நீக்கிவிடுங்கள். உங்கள் செடிக்கு எத்தனை குவளை நீர் வேண்டும் என்பதை அப்போது செடியே உங்களுக்குச் சொல்லிவிடும்.